உரிமையாளர் எடுத்துக்கொள்ளும் தொகை: பூஜ்யம்

ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாவது வரி சில ஆண்டுகளாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. வேலையில்லாதவர்கள் சிறுதொழில் தொடங்க அரசு தரும் மானியக் கடனுக்கான படிவம் அது. அதன் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை. குறுக்கே பன்னிரண்டு மாதங்கள், நெடுக்கே செலவினங்கள். வாடகை, மின்கட்டணம், மூலப்பொருள், கூலி, போக்குவரத்து, கடன் தவணை என்று போய், ஒன்பதாவதாக ‘உரிமையாளர் எடுத்துக்கொள்ளும் தொகை’ என்று ஒரு வரி. அதன் பன்னிரண்டு கட்டங்களிலும் பூஜ்யம் போட்டது நான்தான். தொழில் என்னுடையது அல்ல, நண்பனுடையது. ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும், கணக்கும் வரும் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தான்.

அவன் ஓர் அச்சகத்தில் 18 ஆண்டுகள் பைண்டிங் வேலை பார்த்தவன். அச்சகம் மூடப்பட்டது. தாள்களைக் கட்டுகளாக மடித்து, நடுவில் ஊசி கோத்துத் தைத்து, முதுகைச் சுத்தியலால் தட்டி வளைத்து, காலிகோ துணி ஒட்டி, மேலே பொன்னெழுத்துப் பொறிப்பது வரை எல்லாம் அவன் கை அறிந்த வேலை. ஒரு புத்தகத்தைக் கையில் வாங்கியதும் முதலில் அதன் முதுகைத்தான் பார்ப்பான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவனுக்கு இரண்டாம் பட்சம். சொந்தமாக ஒரு பைண்டிங் கூடம் வைக்கலாம் என்று அவன் சொன்னபோது எனக்கு அது வெறும் ஆசையாகத் தோன்றவில்லை. ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகள், அலுவலகப் பேரேடுகள், நூலகங்களில் கிழிந்துபோகும் தொகுதிகள் என்று வேலை இருக்கிறது. தாள் வெட்டும் இயந்திரம் ஒன்று, அழுத்தும் இயந்திரம் ஒன்று, சின்னதாக ஓர் இடம். அவ்வளவுதான் தேவை.

முதல் வரைவில் அந்த ஒன்பதாவது வரியில் நான் ஒரு தொகை போட்டிருந்தேன். பெரிய தொகை அல்ல, அச்சகத்தில் வாங்கிய சம்பளத்தில் பாதி. போட்டதும் கடைசி வரி சிவந்துவிட்டது. ஏழாவது மாதம் வரை நஷ்டம். எட்டில்தான் தலை தூக்குகிறது. இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் பற்றித் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டினோம். இருவரும் ஒன்றையே சொன்னார்கள்: முதல் ஆண்டில் நஷ்டம் காட்டினால் கோப்பு நகராது. அன்று இரவு ரப்பரை எடுத்து ஒன்பதாவது வரியை அழித்தேன். பூஜ்யங்களை எழுதினேன். கடைசி வரி இரண்டாவது மாதத்திலிருந்தே லாபமாகிவிட்டது. அவன் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் வீட்டுக்கு?” என்று கேட்டான். “இது கணக்குக்காகத்தான்” என்றேன்.

நேர்காணல் நாலைந்து நிமிடங்களில் முடிந்தது. அதிகாரி கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியைப் பார்த்து, இயந்திரத்துக்கு விலைப்புள்ளி வாங்கியாயிற்றா, சொந்தப் பங்கு தயாராக இருக்கிறதா என்று கேட்டார். மரியாதையான மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வேலை போன ஒருவர் இந்த ஆண்டு முழுவதும் எதைச் சாப்பிடுவார் என்ற கேள்வி அந்த அறையில் எழவே இல்லை. அவர் கேட்காததில் எங்களுக்கு அன்று நிம்மதிதான். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இயந்திரம் வந்தது. பக்கவாட்டில் திட்டத்தின் பெயரும் கடன் எண்ணும் எழுதி ஒட்டினார்கள். அதன் அருகே அவனை நிற்க வைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவம் என்பதால் முதல் இரண்டு மாதங்கள் இரவும் பகலும் வேலை. பிறகு ஓய்ந்தது. ஒரு நிறுவனம் பேரேடுகளுக்கு நல்ல ஆர்டர் தந்தது, பணம் மூன்று மாதம் கழித்து என்றது. மூன்று மாதம் காத்திருக்கக் கூடிய தொழில்தான் அது. காத்திருக்க முடியாதது வீடு. அட்டை, துணி, பசை, நூல் வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குப் போனது. ஒன்பதாவது மாதத்தில் முன்னதைவிடப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தபோது அட்டை வாங்கக் கையில் காசு இல்லை. வேலை இல்லாமல் அவன் தோற்கவில்லை. வந்த வேலையைத் திருப்பி அனுப்பினான். பதினோராவது மாதம் ஓர் இடத்தில் இரவுப் பணிக்குச் சேர்ந்தான். கடன் தவணை அந்தச் சம்பளத்திலிருந்து போனது.

அந்த நோட்டு

இவ்வளவும் நடந்த பிறகும் நான் நினைத்துக்கொண்டிருந்தது என்னவென்றால், அவனுக்குக் கணக்கு வழக்கில் ஒழுங்கு போதவில்லை என்பதுதான். தொழில் பணத்தை வீட்டுக்கு எடுக்கக் கூடாது என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் முதல் பாடமாகச் சொல்வார்கள். அவன் போயிருந்த வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள். அதைக் கொஞ்சம் பெரிய மனிதத் தோரணையோடு அவனிடமே ஒரு நாள் சொல்லவும் செய்தேன். அவன் பதில் பேசவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தான். அவனே தைத்து, அவனே துணி ஒட்டிய நோட்டு. இடது பக்கம் ‘கூடம்’, வலது பக்கம் ‘வீடு’. ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தான். இடப்பக்கத்தில் நூல் கண்டு ஒன்று வாங்கியதுகூட இருந்தது. வலப்பக்கத்தின் முதல் வரி கூடம் திறந்த மூன்றாம் நாளில் வருகிறது: மகளின் பள்ளிக் கட்டணம்.

வலப்பக்கத் தொகைகளை நான் கூட்டிப் பார்த்தேன். ஏன் கூட்டினேன் என்று தெரியவில்லை, எண்களைக் கண்டால் கூட்டுவது பழக்கம். மாதச் சராசரி வந்ததும் எனக்கு உடல் கூசிவிட்டது. நான் ரப்பரால் அழித்த தொகைக்கும் அதற்கும் வித்தியாசம் மிகச் சொற்பம். அவன் ஒழுங்கில்லாமல் எடுத்ததாக நான் நினைத்த பணம், முதல் வரைவில் நானே ஒழுங்காக எழுதி வைத்திருந்த பணம். நான் அழித்தது செலவை அல்ல. செலவு அப்படியே இருந்தது. அது எங்கிருந்து வரும் என்று கேட்கும் இடத்தைத்தான் அழித்திருந்தேன்.

நாற்பது பவுண்டு

அதற்குப் பிறகுதான் மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்தன என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். குற்ற உணர்வு படிக்க வைக்கும் அளவுக்கு ஆர்வம் படிக்க வைப்பதில்லை. பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் ஆட்சியில், வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தொட்டிருந்த நேரத்தில், 1982இல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி 1983இல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்த திட்டம் ஒன்று இருக்கிறது. எண்டர்பிரைஸ் அலவன்ஸ் என்பார்கள். சொந்தத் தொழில் தொடங்கும் வேலையற்றவருக்கு வாரம் 40 பவுண்டு, 52 வாரங்கள் வரை. அது கடன் அல்ல. இயந்திரத்துக்கென்று கொடுத்ததும் அல்ல. தொழில் தொடங்கினால் வேலையில்லாதோருக்கு அரசு தரும் உதவித்தொகை நின்றுபோகும், ஆகவே யாரும் தொடங்கத் துணிவதில்லை என்ற ஒரே முடிச்சை அவிழ்க்க வந்த பணம். வாசித்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்த 40 பவுண்டு என் ஒன்பதாவது வரிக்கான தொகை.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. விண்ணப்பிப்பவரிடம் 1,000 பவுண்டு சொந்த முதல் இருப்பதாகக் காட்ட வேண்டும். வேலை இல்லாதவரிடம் ஏது அவ்வளவு பணம்? உறவினரிடமோ வங்கியிடமோ கடன் வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம். அங்கேயும் ஒரு கட்டத்தில் பொய் எழுதித்தான் உள்ளே போக வேண்டியிருந்திருக்கிறது என்று படித்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த வாரப் பணத்தில் தொடங்கியவர்களில் கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் இசை நிறுவனத்தின் ஆலன் மெகீயும், பின்னாளில் சூப்பர்டிரை ஆடை நிறுவனத்தை உருவாக்கிய ஜூலியன் டங்கர்ட்டனும் உண்டு. இத்தகைய பெயர்களைக் காட்டித் திட்டம் வெற்றி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லட்சக்கணக்கானோர் சேர்ந்த திட்டத்தில் நாலு பேர் பெரிய ஆளாவது இயல்புதான். சேர்ந்தவர்கள் வேலையில்லாதோர் பட்டியலிலிருந்து கழிக்கப்பட்டதால் அரசின் புள்ளிவிவரம் அழகானது என்ற குற்றச்சாட்டும் அன்றே இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. 2011இல் வேறு பெயரில் திட்டம் திரும்பி வந்தபோது முதல் 13 வாரங்களுக்கு வாரம் 65 பவுண்டு, அடுத்த 13 வாரங்களுக்கு 33 என்று சுருங்கியிருந்தது. ஓராண்டு அரையாண்டாகிவிட்டது. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் விலைவாசி எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நடந்தது எனக்கு இன்னும் பொருத்தமாகப் பட்டது. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் இரண்டு மாநிலங்களில் இரண்டு விதமாகச் சோதித்துப் பார்த்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில், தொழில் திட்டம் எழுதுவது உள்ளிட்ட சில படிகளைத் தாண்டியவர்களுக்கு மீதி உதவித்தொகை மொத்தமாகக் கொடுக்கப்பட்டது. மாசசூசெட்ஸில் வழக்கமான வேலையின்மைத் தொகையையே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுத்துக்கொண்டு, ‘வேலை தேடு’ என்ற நிபந்தனையை மட்டும் தள்ளிவைத்து, தொழிலைக் கவனிக்கச் சொன்னார்கள். இரண்டிலுமே சொந்தத் தொழில் தொடங்கியவர்களின் எண்ணிக்கை கூடியது. 1993இல் கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களுக்கு அனுமதி தந்தபோது அது எடுத்துக்கொண்டது இரண்டாவது வழியை. பிரான்சில் இந்தத் தேர்வை ஆளிடமே விட்டுவிடுகிறார்கள். மாதாமாதம் உதவித்தொகையைத் தொடரலாம், அல்லது மீதமுள்ளதில் 60 சதவீதத்தை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணையாக முதலாக வாங்கிக்கொள்ளலாம். 2023 ஜூலைக்கு முன் அது 45 சதவீதம். என் நண்பனுக்கு அந்தத் தேர்வைக் கொடுத்திருந்தால் எதை எடுத்திருப்பான் என்று பல முறை யோசித்திருக்கிறேன். இயந்திரத்தைத்தான் எடுத்திருப்பான் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

இயந்திரம் என்றால் கண்ணுக்குத் தெரியும். பெயர் எழுதி ஒட்டலாம், புகைப்படம் எடுக்கலாம், தவணை தவறினால் தூக்கிக்கொண்டு போகலாம். ஒரு வீட்டில் ஆறு மாதம் அடுப்பு எரிந்ததைப் புகைப்படம் எடுத்துக் கோப்பில் வைக்க முடியாது. இந்தியாவில் 2008 முதல் நடக்கும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டச் செலவில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம். ஆனால் அந்த மானியம் தொழில் தொடங்கியவர் கைக்கு வருவதில்லை, அவர் பெயரில் மூன்றாண்டு வைப்புத்தொகையாக வங்கியிலேயே இருக்கும். தொழில் நடக்கிறதா என்று பார்த்த பிறகு கடனில் கழிக்கப்படும். சுருட்டிக்கொண்டு ஓடிவிடுபவர்களைத் தடுக்க நல்ல பூட்டுதான். நாலாவது மாதத்தில் மூச்சு முட்டுபவரும் அதே பூட்டைத்தான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

‘நான்–நிறுவனம்’

மாதப் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் முழு வரலாறே இருக்கிறது. அங்கே 1986 முதலே, தொழில் தொடங்கும் வேலையற்றவருக்குச் சில மாதங்கள் உதவித்தொகை அளவுக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. 2003இல் இன்னொரு திட்டத்தைச் சேர்த்தார்கள். ‘இச் ஆகே’ என்று பெயர், ‘நான்–பங்கு நிறுவனம்’ என்று பொருள் வரும். முதல் ஆண்டு மாதம் 600 யூரோ, இரண்டாம் ஆண்டு 360, மூன்றாம் ஆண்டு 240. மனிதனைப் பங்குச் சந்தைப் பொருளாக்கும் சொல் என்று அந்தப் பெயரை ஜெர்மானிய மொழியறிஞர் குழு 2002ஆம் ஆண்டின் ‘அவச்சொல்’லாகத் தேர்ந்தெடுத்தது. தொடக்கத்தில் தொழில் திட்டம்கூடக் கேட்கவில்லை. பலர் வெறுமனே பணத்துக்காகச் சேர்கிறார்கள் என்ற கூச்சல் எழுந்ததும் 2004 கடைசியில் அதைக் கட்டாயமாக்கினார்கள். 2006இல் இரண்டையும் இணைத்து ஒரே உதவியாக்கினார்கள்: உதவித்தொகை அளவுக்குப் பணம், கூடவே காப்பீட்டுக்கென்று மாதம் 300 யூரோ.

பிறகு ஆய்வாளர்கள் வந்து எண்ணினார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் இந்த உதவியில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொந்தத் தொழிலிலேயே இருந்தார்கள். இன்னோர் ஆய்வில், உதவி பெற்றவர்களின் தொழில்கள் மற்றவர்களுடையதைவிட வருமானத்திலும் வளர்ச்சியிலும் பின்தங்கியிருந்தாலும், தாக்குப்பிடிப்பதில் பின்தங்கவில்லை என்று தெரிந்தது. அதாவது இவர்கள் பெரிய முதலாளி ஆகவில்லை, மூடிவிட்டும் போகவில்லை. என் நண்பன் கேட்டதும் அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பு வாதத்தை நான் அறியாதவன் அல்ல. அதை நானே பல ஆண்டுகள் பேசியிருக்கிறேன். உதவி இல்லாவிட்டாலும் எப்படியும் தொழில் தொடங்கியிருக்கக் கூடியவருக்குக் கொடுக்கும் பணம் வீண்தானே என்பார்கள். உண்மை, அப்படி ஒரு பகுதி எப்போதும் வீணாகத்தான் போகும். ஆனால் அந்த வீணைத் தடுக்கக் கதவை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதில்தான் எனக்குப் பிரச்சினை. ஜெர்மனி 2011 கடைசியில் இறுக்கிப் பார்த்தது. அதுவரை தகுதியிருந்தால் உரிமையாகக் கிடைத்தது, அதிகாரி விரும்பினால் தரலாம் என்று மாறியது. 2011இல் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் பெற்றது, அடுத்த ஆண்டு இருபதாயிரம் அளவுக்கு விழுந்துவிட்டது. வராமல் போனவர்கள் எல்லாரும் சும்மா பணம் வாங்க நினைத்தவர்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. நேர்காணல் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தன்னைப் பற்றி எடுப்பாகப் பேசத் தெரிவது ஒரு திறமை. தைத்த புத்தகம் நூறு முறை திறந்தாலும் பிரியாமல் இருப்பது வேறு திறமை.

எனக்கு விடை தெரியாத கேள்வி இன்னொன்று. நண்பனின் கூடத்துக்குப் பக்கத்திலேயே, எந்த உதவியும் இல்லாமல் பல காலமாகப் பைண்டிங் செய்துவந்தவர் ஒருவர் இருந்தார். நண்பனுக்கு வந்த ஆய்வேடுகளில் பாதி அவரிடம் போயிருக்க வேண்டியவை. நண்பனுக்கு மாதப் பணமும் கிடைத்திருந்தால் கூலியைக் குறைத்து இன்னும் கொஞ்சத்தை இழுத்திருப்பான். ஒருவன் அடுப்பு எரிய இன்னொருவர் அடுப்பிலிருந்து விறகு எடுத்த மாதிரி ஆகியிருக்கும். ஒரு முறை தெருவில் அந்தப் பெரியவர் என்னை நிறுத்தி, “உங்கள் நண்பர் எப்படி இருக்கிறார்? நல்ல கை” என்றார். இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

போன மாதம் நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். கடன் முடிந்துவிட்டது. வெட்டும் இயந்திரம் துணி போர்த்தி மூலையில் நிற்கிறது, ஒட்டிய எழுத்துகள் பாதி உரிந்திருக்கின்றன. விடுமுறை நாட்களில் மட்டும் கொஞ்சம் வேலை செய்கிறான். அவனுடைய அக்கா மகள் வந்திருந்தாள். வேலை போய் ஏழு மாதமாகிறது, உடைகளைச் சரிசெய்து தரும் தையல் நிலையம் வைக்கப் போகிறாள். அதே மாதிரிப் படிவம், அதே அட்டவணை. “மாமா, இதை மட்டும் போட்டுக் கொடுங்கள்” என்று பென்சிலோடு நீட்டினாள். ஒன்பதாவது வரிக்கு வந்ததும் கையை நிறுத்தினேன். வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, குறைத்துத்தான் சொன்னாள். “உண்மையைச் சொல்” என்று அவள் மாமன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். அவள் திருத்திச் சொன்னாள். எழுதினேன். கடைசி வரி ஆறு மாதங்களுக்கு நஷ்டம் காட்டியது.

“இப்படிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் அட்டவணையை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து, ‘இதர செலவு’ வரியில் நான் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்த எண்ணை அழித்துக் குறைத்தாள். நஷ்டம் ஐந்து மாதமானது. ஒன்பதாவது வரியை அவள் தொடவில்லை. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். இன்னும் அழைப்பு வரவில்லை.